சேலத்திலும் ஏற்காட்டிலும் பிரஷர், சுகர் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு

ஓர் ஊரில் எத்தனை பேருக்கு ரத்தக்கொதிப்பு, எத்தனை பேருக்குச் சர்க்கரை என்பதை ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் புரட்டித் தெரிந்துகொள்ள முடியாது. அங்கே வருகிறவர்கள் தங்களுக்கு நோய் இருப்பது தெரிந்தவர்கள். தெரியாதவர்கள் தறியில் உட்கார்ந்திருப்பார்கள், கொலுசுப் பட்டறையில் பற்றவைத்துக்கொண்டிருப்பார்கள், மலையில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் சேர்த்து எண்ண வேண்டுமென்றால் வீட்டு வாசலுக்குத்தான் போக வேண்டும். என் அப்பா சேலம் அம்மாபேட்டையில் தறி நெய்தவர். பக்கவாதம் வந்து விழுந்த அன்றுதான் அவருக்குப் பிரஷர் இருந்ததே எங்களுக்குத் தெரிந்தது. அதனால் எனக்கு இது சம்பளத்துக்குச் செய்கிற வேலை மட்டும் இல்லை.

களப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், அவர்கள் பின்னாலேயே போய்ச் சரிபார்ப்பதும் என் வேலை. சமூக மருத்துவம் படிக்கிற பிள்ளைகள், நர்சிங் மாணவிகள், தொண்டு நிறுவனத்துக்காரர்கள் என்று நிறையப் பேர் இப்போது தொற்றா நோய்க் கணக்கெடுப்புக்கு இறங்குகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். வாசலில் தப்பாக எடுத்த அளவை எந்த மென்பொருளாலும் பிறகு சரிசெய்ய முடியாது. எனவே வாசல் வேலைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் எதை அளக்கப் போகிறோம், ஏன் என்பது. 1948இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு மாரடைப்பு வருகிறதா என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். வயதானால் பிரஷர் ஏறத்தான் செய்யும், அதனால் கெடுதல் இல்லை என்று டாக்டர்களே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ரத்தக்கொதிப்பு, கொழுப்பு, புகைபிடித்தல் இவையெல்லாம் இதய நோயை முன்கூட்டியே காட்டும் அபாயக் காரணிகள் என்பது அந்த ஊர்க்காரர்களால்தான் நிலைநின்றது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் முறை அந்தக் காரணிகளைத்தான் மூன்று படியாக எடுக்கச் சொல்கிறது: முதலில் கேள்விகள், அடுத்து உடல் அளவுகள், கடைசியில் ரத்தப் பரிசோதனை. 18 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். புதிதாக ஒரு கேள்வித்தாள் தயாரிக்க உட்காராதீர்கள். ஸ்டெப்ஸ் கேள்விகளை எடுத்து நம் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொண்டால், நம்முடைய எண்ணை மற்ற மாவட்டத்தோடும் மற்ற மாநிலத்தோடும் வைத்துப் பார்க்கலாம்.

எத்தனை பேரை, எந்த ஊரில்

2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு, 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று வந்தது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு மட்டும். இந்தக் கடைசி எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். அது இருக்கட்டும், கணக்குக்கு வருவோம்.

நம் மாவட்டத்திலும் ஏறத்தாழ 34 சதவீதம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, 3 சதவீதம் முன்பின் போகலாம் என்றால் 958 பேர் தேவை. ஆனால் நாம் மாவட்டம் முழுக்கச் சிதறலாக ஆள் எடுக்கப் போவதில்லை. சில ஊர்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே கொத்தாக எடுக்கிறோம். ஒரே ஊர்க்காரர்கள் சாப்பாட்டிலும் வேலையிலும் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பதால் அதற்கு ஈடாக 958ஐ ஒன்றரை மடங்கு ஆக்கினால் 1,437. பத்தில் ஒருவர் மறுப்பார் அல்லது கிடைக்க மாட்டார் என்று சேர்த்தால் 1,600க்குப் பக்கம் வரும். 40 இடங்கள், இடத்துக்கு 40 பேர்.

அந்த 40 இடத்தை உங்கள் வசதிக்கு எடுக்கக் கூடாது. 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் 34,82,056 பேர். கிராமங்களையும் வார்டுகளையும் வரிசையாக எழுதி, மக்கள்தொகையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தத்தை 40ஆல் வகுத்தால் 87,051. ஒன்றுக்கும் 87,051க்கும் நடுவில் குலுக்கலில் ஓர் எண் எடுங்கள். அந்த எண் எந்த ஊரில் விழுகிறதோ அது முதல் இடம். பிறகு 87,051 கூட்டிக் கூட்டி அடுத்த இடங்கள். பெரிய ஊருக்கு வாய்ப்பு அதிகம், சின்ன ஊருக்குக் குறைவு. அதுதான் நியாயம்.

இதில் மலைக்காரர்கள் விடுபட்டுப் போவார்கள் என்பதைக் கவனியுங்கள். ஏற்காடு தாலுகாவின் மக்கள்தொகை மாவட்டத்தில் மிகச் சின்னப் பங்கு. 40 இடத்தில் ஒன்றுகூட மலையில் விழாமல் போகலாம். நாகலூரும் வெள்ளக்கடையும் செம்மநத்தமும் வாழவந்தியும் எப்படி இருக்கின்றன என்று தெரிய வேண்டுமென்றால், மலைக்குத் தனியாக ஒரு மாதிரி எடுக்க வேண்டும். மலைக்கும் அதே 3 சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் அங்கேயும் அதே 1,600 பேர். பணம் இல்லை என்று சொல்லி 200 பேரை எடுத்துவிட்டு, ‘மலைவாழ் மக்களிடம் ரத்தக்கொதிப்பு குறைவு’ என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு யாராவது மலைக்கு மாத்திரை ஒதுக்குவதைக் குறைத்தால், அந்தப் பாவம் நம்மைத்தான் சேரும்.

ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வராமல் ஒரு வீட்டுப் படியும் ஏறக் கூடாது. மலைக் கிராமங்களில் முன்கூட்டியே போய் ஊர்ப் பெரியவர்களிடமும் பஞ்சாயத்திலும் பேசிவிடுங்கள்.

யார் வீடு, வீட்டில் யார்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கிளறிவிட்ட பானைக்குத்தான் பொருந்தும். ஊர் அப்படிக் கிளறி வைத்ததில்லை. தார் ரோட்டை ஒட்டிய வீடுகளில் கடைக்காரர்களும் உத்தியோகத்தில் இருப்பவர்களும் இருப்பார்கள். சந்துக்குள்ளே போகப் போகக் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்கள். மலையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாதிரி, எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு மாதிரி, சரிவில் அரை மணி நேரம் இறங்கிப் போகிற காட்டு வீட்டில் வேறு மாதிரி. எனவே முதலில் எல்லா வீட்டுக்கும் எண் போட்டு வரைபடம் வரையுங்கள். பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்த வீட்டுக்குப் போங்கள். குலுக்கலில் சரிவு வீடு வந்தால் சரிவு வீடுதான்.

வீட்டுக்குள் போனதும் ‘யார் இருக்கீங்க?’ என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் இரவு படுக்கிற 18 முதல் 69 வயது வரை உள்ள எல்லோர் பெயரையும் எழுதி, அவர்கள் கண் முன்னாலேயே சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவரை எடுங்கள். கண் முன்னால் செய்தால், ஏன் இவரை மட்டும் என்ற சந்தேகம் வராது. சீட்டில் வந்தவர் வீட்டில் இல்லாவிட்டால்தான் வேலை ஆரம்பம். ‘அவரு பட்டறைக்குப் போயிட்டாரு, நான் இருக்கேனே, எனக்குப் பாருங்க கண்ணு’ என்று அந்த அக்கா கையை நீட்டுவார். அவருக்கும் பார்த்துவிடுங்கள், ஆசைப்பட்டுக் கேட்கிறார், ஆனால் படிவத்தில் ஏற்றாதீர்கள். காலை பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பவரையே எடுத்துக்கொண்டு போனால் உங்கள் மாதிரி முழுக்கப் பெண்களும் வயதானவர்களும்தான் இருப்பார்கள்.

இங்கே ஆண்களைப் பிடிப்பது தனி வேலை. சேலம் நகரில் செவ்வாய்ப்பேட்டை, குகை என்ற பகுதிகளின் வெள்ளிப் பட்டறைக்காரர்களை இரவு எட்டு மணிக்கு மேல் பாருங்கள். சங்ககிரிப் பக்கம் லாரி டிரைவர் என்றால் எப்போது திரும்புவார் என்று வீட்டில் கேட்டுப் போன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க உட்கார்ந்து, நேரம் கெட்ட நேரத்தில் தாபாவில் சாப்பிட்டு, தூக்கம் இல்லாமல் வண்டி ஓட்டுகிறவரை விட்டுவிட்டு இதய நோய்க்கு என்ன ஆய்வு செய்வது? நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். ஆணும் பெண்ணும் விடியற்காலையே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் மலையில் கணக்கெடுப்பு வைத்தால் மாலையில் போகிற மாதிரி திட்டமிடுங்கள், அல்லது மாதத்தை மாற்றுங்கள். மே மாதமும் வேண்டாம். கோடை விழாக் கூட்டத்தில் மலைப்பாதையில் வண்டி நகராது.

வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை போங்கள். அப்படியும் கிடைக்கவில்லை என்றால் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரரை வைத்து நிரப்பாதீர்கள்.

கேட்கிற விதம்

முதலில் சம்மதம். படிவத்தைக் கையில் திணித்துக் கைநாட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. என்ன செய்வோம், விரலில் ஊசி குத்துவோம், வேண்டாமென்றால் எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம், மறுத்தால் ரேஷனுக்கோ உதவித்தொகைக்கோ எந்தப் பாதிப்பும் வராது என்பதை வாயால் சொல்லுங்கள். இந்த ரேஷன் பயம் நிஜமாகவே இருக்கிறது. யார் வந்து பெயர் எழுதினாலும் அரசாங்கம் எதையோ நிறுத்தப் போகிறது என்றுதான் நினைக்கிறார்கள்.

வயது. ஆதாரில் ஜனவரி 1 என்று பிறந்த தேதி போட்டிருந்தால் அந்த வருடத்தையும் நம்பாதீர்கள். நடந்த சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். ‘எம்ஜிஆர் செத்தப்ப நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க ஆயா?’ என்றால், ‘மூத்தவன் வயித்துல இருந்தான்’ என்று பதில் வரும். அது 1987 டிசம்பர். கல்யாணம் ஆகி எத்தனை வருடத்தில் மூத்தவன், பெரியவளானது எப்போது என்று பின்னோக்கிப் போனால் ஓரிரு வருட வித்தியாசத்தில் வயது கிடைத்துவிடும். எமர்ஜென்சி 1975, இந்திரா காந்தி இறந்தது 1984, ராஜீவ் காந்தி இறந்தது 1991 என்று ஒரு பட்டியல் கையில் இருக்கட்டும். தொற்றா நோயில் எல்லாமே வயதோடு சேர்ந்து ஏறுவதால், வயது தப்பினால் மிச்சமும் தப்பும்.

புகையிலை. ‘புகையிலை போடுவீங்களா?’ என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். வாயில் அப்போதே ஒதுக்கி வைத்திருப்பார்கள். பொய் சொல்வதில்லை, அவர்கள் போடுவது வெற்றிலை பாக்கு, அவ்வளவுதான். ஆகவே இப்படிக் கேளுங்கள்: ‘வெத்தலைக்குள்ள என்னென்ன வெச்சுப் போடுவீங்க ஆயா?’ ‘பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு பொகையில.’ இப்போது ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்த வயதிலிருந்து என்று தொடருங்கள்.

உப்பு. ‘உப்பு அதிகமா சாப்பிடுவீங்களா?’ என்பது பயனில்லாத கேள்வி. ஒரு கிலோ பாக்கெட் வாங்கினால் எத்தனை நாள் வருகிறது, எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். நாலு பேர், இருபது நாள் என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு பன்னிரண்டரை கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். சாதம் வடிக்கும்போதும், பாத்திரம் தேய்க்க, மாட்டுத் தண்ணீருக்கு என்றும் கொஞ்சம் போய்விடும், அதனால் இது தோராயம்தான். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, சாயங்காலம் தட்டுவடை செட்டு, இவற்றைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மதுவை மனைவி மக்கள் முன்னால் கேட்கவே கூடாது. ‘அண்ணா, கொஞ்சம் வெளிய வந்து பேசலாங்களா’ என்று திண்ணைக்குக் கூட்டி வாருங்கள். பெண் பணியாளரிடம் சொல்லக் கூச்சப்பட்டால் ஆண் பணியாளர் கேட்கட்டும். அளவைக் குவார்ட்டர், கட்டிங் என்று அவர் வாயில் வருகிற மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். 10 கிராம் ஆல்கஹாலை ஓர் அலகு என்று வைத்தால், 180 மில்லி குவார்ட்டர் ஒன்று ஏறத்தாழ 6 அலகு. ‘ஒரே ஒரு குவார்ட்டர்தாங்க’ என்பவர் ஆறு அலகு சொல்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உடல் உழைப்புக்கு ‘உடற்பயிற்சி செய்வீங்களா?’ என்று கேட்டால் ஊர் முழுக்க இல்லை என்று வரும். காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கிற வரை என்ன செய்கிறார் என்று சொல்ல விடுங்கள். மூட்டை சுமந்து சரிவில் ஏறுகிற தோட்டத் தொழிலாளியும், குழித்தறியில் காலால் மிதித்துக்கொண்டே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரும், விசைத்தறிக்கு நடுவில் நின்று நூல் கட்டுகிறவரும் மூன்று விதம். தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்வதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

பிரஷர் எடுப்பது

இங்கேதான் அதிக அளவுகள் கெட்டுப் போகின்றன. நான் பின்னாலேயே போய்ப் பார்க்கும் வேலையும் இதுதான்.

அவர் உட்கார்ந்து கால் மணி நேரம் ஓய்ந்திருக்க வேண்டும். மலையில் விறகுக்கட்டோடு மேட்டில் ஏறி வந்தவருக்கு உடனே பட்டையைச் சுற்றினால் நீங்கள் அளப்பது அந்த மேட்டைத்தான். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீ, காப்பி, பீடி, புகையிலை எதுவும் ஆகியிருக்கக் கூடாது. இந்த ஊரில் இது சுலபம் இல்லை. நீங்கள் உள்ளே நுழைந்ததுமே காப்பி போட ஆரம்பித்துவிடுவார்கள், உங்களுக்குத் துணையாக அவரும் ஒரு டம்ளர் குடிப்பார். ‘அளந்து முடிச்சிட்டு எல்லாரும் சேர்ந்து குடிக்கலாங்க்கா’ என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன மாதிரி முடிந்ததும் உட்கார்ந்து குடியுங்கள். வேண்டாம் என்று எழுந்து போனால் அடுத்த வீட்டில் கதவு திறக்காது. சிறுநீர் அடக்கிக்கொண்டிருந்தாலும் அளவு ஏறும், போய்வரச் சொல்லுங்கள்.

நாற்காலி இல்லாத வீடுகள் நிறைய. மடக்கு நாற்காலியும் சின்னப் பலகையும் உங்கள் பையோடு வர வேண்டும். முதுகு சாய்ந்திருக்கணும், பாதம் தரையில் படணும், கால் மேல் கால் போடக் கூடாது, கை பலகை மேல் நெஞ்சு உயரத்தில் தளர்வாக இருக்கணும். கை தொங்கினால் அளவு கூடும். தறி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், அது முடியாவிட்டால் பின்கட்டுக்குப் போங்கள்.

ஏற்காட்டில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். கையை மேலே சுருட்டிவிட்டால் அந்தச் சுருட்டலே கையை இறுக்கும். ஒரு கையையாவது முழுக்கக் கழற்றச் சொல்லுங்கள். பெண்களுக்கு ஜாக்கெட் கை இறுக்கமாக இருக்கும். அதற்காகத்தான் பெண் பணியாளர் கட்டாயம் வேண்டும், உள்ளறையும் வேண்டும். கழற்றிய பிறகு குளிரில் நடுங்க விடாதீர்கள், குளிரும் பிரஷரை ஏற்றும், சால்வையைப் போர்த்திவிடுங்கள். பட்டையின் அளவைப் பாருங்கள். மேற்கையின் சுற்றளவு 22 முதல் 32 சென்டிமீட்டர் என்றால் நடுத்தரப் பட்டை, அதற்கு மேல் பெரிய பட்டை. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும்.

மூன்று முறை எடுங்கள், நடுவில் மூன்று மூன்று நிமிடம் விடுங்கள். முதல் அளவு பயத்தில் ஏறியிருக்கும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் சராசரிதான் கணக்கு. அந்த மூன்று நிமிடத்தில் மிச்சக் கேள்விகளைக் கேட்டு நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். கூடாது. பேசினாலே ஏறும். சும்மா இருங்கள், அவரையும் சும்மா இருக்க விடுங்கள். முதல் அளவைச் சொல்லவும் கூடாது. ‘நூத்தி அம்பதா?’ என்று பதறினால் அடுத்தது நூற்று அறுபது ஆகிவிடும்.

மிஷின் 137 என்று காட்டினால் 137 என்றே எழுதுங்கள், 140 என்று முழுசாக்காதீர்கள். நான் வாரக் கடைசியில் ஒவ்வொருவர் படிவத்திலும் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணுவேன். பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம் வர வேண்டும். ஒருவருடைய தாளில் பூஜ்யமாகவே கொட்டிக் கிடந்தால் அவர் மிஷினைப் பார்த்து எழுதவில்லை. மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90 என்பது எல்லைக்கோடு, அந்த இடத்தில் இரண்டு மூன்று புள்ளி நகர்ந்தாலே நோயாளிகளின் எண்ணிக்கை மாறிப்போகும்.

மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அளவு சரியாக வந்தாலும் அவரை ரத்தக்கொதிப்பு உள்ளவர் என்றே சேர்க்க வேண்டும். என்ன மாத்திரை என்று கேட்டால் ‘வெள்ளை மாத்திரை’ என்பார். அட்டையை எடுத்து வரச் சொல்லிப் பெயரைப் பாருங்கள். அம்லோடிபின் என்றால் பிரஷருக்கு, மெட்ஃபார்மின் என்றால் சுகருக்கு. பலர் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள்.

மற்ற அளவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எடை மிஷினைச் சாணி மெழுகிய தரையில் நேராக வைக்காதீர்கள், ஒரு பிளைவுட் பலகை போட்டு அதன் மேல் வையுங்கள். தினமும் காலையில் முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல்லை வைத்துச் சரிபாருங்கள். வயிற்றுச் சுற்றளவைப் பாவாடை நாடா கட்டும் இடத்தில் எடுக்கக் கூடாது. கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள், இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் இஞ்சி டேப்பைச் சுற்றி, மூச்சை விட்டு முடிக்கும்போது படியுங்கள். நம்மவர்களுக்கு ஆண் 90, பெண் 80 சென்டிமீட்டர் தாண்டினால் அதிகம்.

சுகர் எடுப்பது

வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரமாவது தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது. ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டால் இல்லை என்பார், ஏனென்றால் டீ சாப்பாட்டுக் கணக்கில் வராது. ‘கடைசியா எத்தனை மணிக்கு டீ, காப்பி, பிஸ்கட் ஏதாச்சும் வாயில போட்டீங்க?’ என்று கேளுங்கள். விசைத்தறியில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர் விடியற்காலை மூன்று மணிக்கு டீயும் பன்னும் சாப்பிட்டிருப்பார். அவருக்கு வேறு நாள், வேறு நேரம்.

மலைக் கிராமங்களில் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டுமென்றால் முந்தின இரவே மேலே தங்கிவிடுங்கள். காலையில் சேலத்திலிருந்து கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, அங்கிருந்து கிராமத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊரே சாப்பிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பியிருக்கும்.

விரலைக் குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். ஸ்பிரிட் பஞ்சு மட்டும் போதாது. ஏற்காட்டில் பலாப்பழம், ஆரஞ்சு, கீழே மாம்பழ சீசன். பழத்தை உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறே மீட்டரில் சர்க்கரையாக ஏறிவிடும். பிள்ளைக்கு உரித்துக் கொடுத்த அம்மா, தான் சாப்பிடவில்லை என்று சொல்வது உண்மையாகவே இருக்கும், ஆனால் மீட்டர் அளப்பது அவர் ரத்தத்தோடு பழச்சாற்றையும் சேர்த்து. கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். குளிரில் விரல் விறைத்து ரத்தம் வராது. பிழிந்து எடுத்தால் திசு நீர் கலந்து அளவு கெடும். வெதுவெதுப்பான நீரில் கையை வைக்கச் சொல்லி, கையைக் கீழே தொங்கவிட்டு, பிறகு குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள். சேலத்து வெயிலில் வண்டியின் சீட்டுக்கு அடியில் அதை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்தால் கணக்கெடுப்பில் சர்க்கரை நோய் என்று எண்ணலாம். ஆனால் அந்த மனிதரிடம் ‘உங்களுக்குச் சுகர் இருக்கு’ என்று சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை. ‘அளவு கொஞ்சம் கூடுதலா காட்டுதுங்க, ஆஸ்பத்திரியில ஒருக்கா ரத்தம் கொடுத்து உறுதி பண்ணிக்கோங்க’ என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுங்கள்.

கணக்கு போடும்போது

ஐந்து பேர் இருக்கிற வீட்டில் ஒருவருக்குச் சீட்டு விழும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று, தனியாக இருக்கிற பாட்டிக்கு முழு வாய்ப்பு. அதைச் சரிக்கட்டக் கணக்கில் எடை போட வேண்டும், அதாவது ஐந்து பேர் வீட்டிலிருந்து வந்தவரை ஐந்து பேருக்குச் சமமாக எண்ண வேண்டும். புள்ளியியல்காரரிடம் படிவத்தைக் கொடுக்கும்போது வீட்டில் எத்தனை பேர் என்ற கட்டம் காலியாக இருந்தால் அவரால் எதுவும் செய்ய முடியாது.

மலையையும் ஊரையும் ஒப்பிடும்போது வயதைச் சமன்செய்யுங்கள். ஓர் உதாரணத்துக்கு, 40 வயதுக்குக் கீழே இரண்டு இடத்திலும் 15 சதவீதம், 40க்கு மேலே இரண்டு இடத்திலும் 45 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசமே இல்லை. ஆனால் மலையிலிருந்து இளவட்டங்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டதால் மாதிரியில் 60 சதவீதம் பேர் 40க்கு மேல், ஊரில் 40 சதவீதம் பேர் மட்டும் 40க்கு மேல். மொத்தக் கணக்கில் மலை 33, ஊர் 27 என்று வரும். காப்பித் தோட்டத்து வாழ்க்கையில் என்ன குறை என்று தேட ஆரம்பித்துவிடுவீர்கள், அங்கே ஒரு குறையும் இருக்காது.

இன்னொன்று. உங்கள் தரவில் இனிப்பு சாப்பிடாதவர்களுக்குத்தான் சர்க்கரை நோய் அதிகம் என்று வரும், நிச்சயமாக வரும். டாக்டர் சொன்ன பிறகு அவர்கள் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். ஒரே நாளில் நோயையும் பழக்கத்தையும் சேர்த்து எடுத்தால் எது முன், எது பின் என்று தெரியாது. ஃபிராமிங்ஹாமில் நோய் வருவதற்கு முன்பே பழக்கத்தை எழுதி வைத்தார்கள், அதனால்தான் அவர்களால் காரணம் சொல்ல முடிந்தது. நம் கணக்கெடுப்பு எத்தனை பேருக்கு இருக்கிறது, எத்தனை பேருக்குத் தெரியும், எத்தனை பேர் மாத்திரை எடுக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது என்ற நாலையும் உறுதியாகச் சொல்லும். அந்த நாலு எண்ணுக்கே நம் மாவட்டத்தில் அவ்வளவு தேவை இருக்கிறது, அதைச் சரியாகச் செய்யுங்கள்.

பழைய ஆய்வோடு ஒப்பிடுவதிலும் நிதானம் வேண்டும். 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு நாடு முழுக்க 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்றது. அது 20 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் எடுத்தது, ஸ்டெப்ஸ் 69 வயதோடு நிறுத்திக்கொள்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துத் தலைப்புச் செய்தி எழுதக் கூடாது.

திரும்பிப் போய்ச் சொல்வது

180க்கு 110 என்ற அளவைத் தாண்டியிருந்தால் ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓய்வு கொடுத்து இன்னொரு முறை எடுங்கள், அதே அளவு இருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குளறல், ஒரு பக்கம் மரத்துப் போவது என்று ஏதாவது சொன்னால் 108ஐக் கூப்பிட்டு, வண்டி வருகிற வரை கூடவே இருங்கள். மலைக் கிராமத்தில் போன் சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதை முதல் நாளே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டியது இதற்காகத்தான்.

எல்லோருக்கும் அவரவர் அளவை எழுதிய சீட்டு அன்றே கையில் கிடைக்க வேண்டும். அளவு கூடுதலாக இருப்பவர்கள் சம்மதித்தால், அவர்கள் பட்டியலை அந்தப் பகுதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலரிடம் கொடுங்கள். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நம் கணக்கெடுப்பில் புதிதாகத் தெரியவந்தவர் அந்தப் பட்டியலில் ஏறினால்தான் அவர் விரலில் குத்தியதற்கு அர்த்தம் உண்டு. சம்மதம் இல்லாதவர் பெயர் வேறு யாரிடமும் போகக் கூடாது, பக்கத்து வீட்டுக்கும் போகக் கூடாது.

முடிவு வந்ததும் ஊருக்குத் திரும்பிப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற தேதிகளில் கிராம சபை கூடும், அனுமதி வாங்கி அங்கே சொல்லலாம். யாராவது ஒருவர் எழுந்து, ‘அதெல்லாம் சரிங்க, நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு இருக்கு?’ என்று கேட்பார். அந்த ஊரில் 40 பேரைத்தான் பார்த்திருப்பீர்கள், அதை வைத்து அந்த ஊருக்கென்று சதவீதம் சொல்லக் கூடாது. மாவட்டத்துக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். இந்த ஊருக்குத் தனியாக வேண்டுமென்றால் எல்லோரும் அளந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, அடுத்த முகாம் தேதியையும் நேரத்தையும் அங்கேயே அறிவித்துவிட்டு வாருங்கள்.